புயலும் வினையும்

திருவண்ணாமலைக்கும் கடலுக்கும் இடையே நெடுந்தொலைவு உண்டு. கிழக்கே புதுச்சேரிக் கரையை அடைய ஏறத்தாழ 100 கிலோமீட்டர் செல்லல் வேண்டும். கற்பாறையும் செம்மண்ணும் சூழ்ந்த இவ்வூரில் வாழ்வார்க்கு அலையும் பாய்மரமும் பெரும்பாலும் ஏட்டிற் காண்பனவே. ஆயினும், நம் சமய நூல்கள் பிறவியைக் கடலென்றும், உடம்பைத் தோணியென்றும், இறைவன் திருவடியைக் கரையென்றும் கூறி வருதலின், கடல் காணாத நாமும் கடலைப்பற்றி நாடோறும் பேசுகின்றோம். பேசிப் பழகிய அவ்வுவமை நம் ஆடையை நனைப்பதில்லை. நம் உறக்கத்தைக் கெடுப்பதுமில்லை. மெய்யாகவே கடலில் நனைந்த ஒருவர் முன்னிலையில் அதனை எடுத்தாள நேர்ந்தபோது என் நா எங்ஙனம் பிழை செய்தது என்பதையும், அப்பிழையினின்று யான் கற்றது யாது என்பதையும் அன்பர்கள் முன் வைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

ஒரு கார்த்திகைத் தீபத் திருநாளிரவு. மாலை 6 மணிக்கு 2,668 அடி உயரமுள்ள மலையுச்சியில் மகாதீபம் ஏற்றப்பெற்ற பின்னர், எண்ணிறந்த அடியார்களோடு யானும் மலையை வலம் வந்துகொண்டிருந்தேன். வருண லிங்கத்தைக் கடந்து அடியண்ணாமலையை அணுகும்போது சிறு தூறல் விழுந்தது. வழியோரத்துத் திண்ணையொன்றில் ஒதுங்கினேன். அங்கே முன்னரே ஒதுங்கியிருந்த மூதாட்டி ஒருவர், மலையுச்சியிற் சுடர்ந்த தீபத்தினின்றும் கண்ணெடாது அமர்ந்திருந்தார். பேச்சினால் அவர் ஈழத்தவர் என்பது விளங்கிற்று. இம்மாவட்டத்திலுள்ள அகதிகள் முகாம் ஒன்றில் நெடுங்காலமாக வாழ்ந்துவருபவர் எனவும் அறிந்தேன்.

மழை நிற்குமளவும் அவர் தம் வரலாற்றைச் சுருங்கச் சொன்னார். 1990ஆம் ஆண்டுப் போரில் ஊரை விட்டகன்று, மன்னார்க் கரையிலிருந்து சிறுபடகொன்றில் இரவோடிரவாகப் புறப்பட்டனராம். நடுக்கடலில் இயந்திரம் நின்றுபோயிற்று. காற்று மாறி அலை எழுந்தது. படகிலிருந்தோர் போர்வைகளை முடிந்து துடுப்பிற் கட்டிப் பாயாக விரித்தனர். அவருடைய தம்பி அப்பாயின் கயிற்றைக் கையிற் சுற்றிக்கொண்டு விடியுமளவும் பிடித்திருந்தான். விடியற்காலையில் ஓர் அலை படகின்மேல் ஏறி இறங்கிற்று. கயிறு இருந்தது, தம்பி இல்லை. அப்பாயே ஏனையோரைத் தனுக்கோடிக்கு அப்பாலுள்ள மணல் திட்டு ஒன்றிற் கொண்டுபோய்ச் சேர்த்ததாம்.

இதனைக் கூறி முடித்து அவர் என்னை நோக்கி, “ஐயா, தாங்கள் திருநீறு பூசியிருக்கின்றீர்கள், நூல் கற்றவராகத் தோன்றுகின்றீர்கள். ஒன்று கேட்கின்றேன். கரையேறின நான் செய்த நன்மை என்ன? கரையேறாத என் தம்பி செய்த தீமை என்ன?” என்றார்.

யான் சற்றும் தாழாது, “அவரவர் வினை, அம்மா, நாம் என் செய்வது?” என்றேன்.

அவர் மறுமொழி யாதும் கூறவில்லை. முந்தானையைத் தலைமேல் இட்டுக்கொண்டு தூறலிலேயே இறங்கி நடந்துவிட்டார். யான் கூறியது நம் சித்தாந்தத்திற்கு மாறானதன்று. கேட்டார் எவரும் மறுக்கவொண்ணாத விடையே. ஆயினும், அவ்விடை ஒருவரை மழைக்குள் இறங்கி நடக்கச் செய்தது. மெய்யான சொல் அங்ஙனம் செய்யுமோ? செய்ததாயின், குற்றம் சொல்லில் உள்ளதோ, சொன்னவன்பால் உள்ளதோ? இவ்வினா அன்று தொட்டு என்னை விடவில்லை.

இவ்வினாவை ஆராயுமுன், கடலில் ஒரு சிறு பாய்மரப் படகு புயலை எங்ஙனம் எதிர்கொள்ளுகின்றது என்பதை அறிதல் நலம். உவமையை அறியாதார் உவமேயத்தையும் அறியார். இதற்கு நம் காலத்திலேயே நன்கறியப்பட்ட நிகழ்ச்சி ஒன்றுண்டு.

இந்தியக் கடற்படை அதிகாரியாகிய அபிலாஷ் டோமி என்பார், தனியொருவராய், எங்கும் கரை தொடாமல், பாயினாலேயே உலகைச் சுற்றிவந்த முதல் இந்தியர். அச்செயலை 2013ஆம் ஆண்டில் நிறைவேற்றினார். பின்னர் 2018ஆம் ஆண்டு சூலை 1ஆம் நாள் பிரான்சு நாட்டுக் கரையினின்று தொடங்கிய கோல்டன் குளோப் என்னும் உலகச் சுற்றுப் போட்டியில் அவரும் கலந்துகொண்டார். 1968ஆம் ஆண்டு நிகழ்ந்த முதற் போட்டியின் ஐம்பதாம் ஆண்டு நினைவாக நடத்தப்பெற்ற அப்போட்டியில், பழங்காலத்தவரைப் போல வானத்து மீனையும் ஞாயிற்றையும் கோணமானியால் அளந்தே வழியறிதல் வேண்டும் என்பது விதி. முதற் போட்டியில் வென்ற சுஹைலி என்னும் படகு பம்பாயிற் கட்டப்பட்டது. அதனை மாதிரியாகக் கொண்டு கோவாவிற் கட்டப்பட்ட படகே அபிலாஷ் டோமியினுடையது. நீளம் ஏறத்தாழ 32 அடி. நம் ஊர்ச் சிறு வீடொன்றின் நீளம் என்னலாம். அதற்கு அவர் இட்ட பெயர் ‘துரீயா’ என்பது. நனவு, கனவு, உறக்கம் என்னும் மூன்றையும் கடந்த நான்காம் நிலையாகிய துரியத்தைக் குறிக்கும் சொல் அது என்பதை நம் அன்பர்க்கு யான் விளக்கவேண்டுவதில்லை.

புயல் வருங்கால் சிறு படகினர் செய்வன சில உள. முதலிற் பாயைச் சுருக்குவர். காற்று மிகுமாயின் பாய் முழுவதையும் இறக்கிக் கட்டுவர். வடக்கயிறுகளைப் பின்புறத்தே நீரில் இழுபடவிட்டுப் படகின் ஓட்டத்தைத் தளர்த்துவர். அறைக்கதவுகளை நீர் புகாவாறு அடைப்பர். அலை அடித்துச் செல்லாவண்ணம் தம்மையும் படகோடு கயிற்றாற் பிணித்துக்கொள்வர். கரை அண்மையிலிருந்தால் அதனை நாடாது விலகிச் செல்வர். ஏனெனில், புயற்காலத்துப் பாறையும் மணற்றிட்டும் நடுக்கடலினும் கொடியன. இவையெல்லாம் செய்த பின்னர், செய்யக்கூடியது வேறொன்றுமில்லை என்னும் எல்லை ஒன்று வரும். அவ்வெல்லைக்கு அப்பால் படகைக் காப்பது அதன் அடியிற் கட்டியுள்ள பாரமே. மேலே பாய்மரம் எத்துணை சாய்ந்தாலும், அடிப்பாரம் கீழ்நோக்கி இழுத்தலால் படகு மீண்டும் நிமிரும்.

2018ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள், ஆஸ்திரேலியாவின் மேற்கேயுள்ள பெர்த் நகரினின்று ஏறத்தாழ 1,900 கடல் மைல் தொலைவில், தென் இந்தியப் பெருங்கடலிற் பெரும்புயல் ஒன்று துரீயாவைத் தாக்கிற்று. படகு உருண்டு கவிழ்ந்து மீண்டும் நிமிர்ந்தது. பாய்மரங்கள் முறிந்தன. அபிலாஷ் டோமியின் முதுகெலும்பு முறிந்தது. எழுந்து நிற்கவும் இயலாமற் படுக்கையிற் கிடந்தவாறே தம் நிலையைச் சில சொற்களிற் கரைக்குத் தெரிவித்தார். செய்யவேண்டுவன அனைத்தையும் அறிந்தவர், தேர்ந்தவர், உலகை ஒருமுறை சுற்றியவர். அவர்க்கும் இது நேர்ந்தது. மூன்று நாட்களுக்குப் பின், செப்டம்பர் 24ஆம் நாள், ஒசிரிஸ் என்னும் பிரெஞ்சுக் கப்பல் அவரை மீட்டது.

இந்நிகழ்ச்சியை நம் சித்தாந்தக் கண்கொண்டு நோக்குவோம். வினை மூவகைத்து என்பர் நம் ஆசிரியர். பல பிறவிகளில் ஈட்டிக் குவிந்துகிடப்பது சஞ்சிதம். அதனினின்று இப்பிறவிக்கென வகுக்கப்பட்டு நுகரப்படுவது பிராரத்தம். அதனை நுகருங்கால் நாம் புதிதாக ஏற்றிக்கொள்வது ஆகாமியம். இவற்றுள் பிராரத்தத்தைப் படகோட்டியின் மேல் வீசும் காற்றெனக் கொள்ளலாம். இன்று எக்காற்று வீசுமென அவன் விதிக்கவில்லை. வீசாதே என நிறுத்தவும் அவனால் ஆகாது. அக்காற்றில் அவன் சுக்கானை எப்பக்கம் திருப்புகின்றான் என்பதோ அவன்பால் உள்ளது. அதுவே ஆகாமியம் விளையும் இடம். வந்ததை நுகர்தலிற் சுதந்திரமில்லை. நுகருமிடத்து நிற்கும் நிலையில் உயிர்க்கு உரிமை உண்டு. அங்ஙனம் நிற்குங்கால் ‘யான் செய்கின்றேன், எனக்காகச் செய்கின்றேன்’ என்னும் செருக்கு நீங்கி, இறைபணியாக நிற்பார்க்கு ஆகாமியம் ஏறாது என்பதும், பிராரத்தம் உடலளவில் வந்து கழியும் என்பதும் மெய்கண்டார் நூல் வழிவந்தோர் அனைவரும் உடன்பட்ட முடிபு.

இதுகொண்டே, ‘எல்லாம் வினைவழி’ எனக் கைகட்டியிருத்தல் சித்தாந்தமன்று என்பது பெறப்படும். புயலைக் கண்டு ‘வினை விட்டவழி’ எனப் பாயைச் சுருக்காதிருப்பவன் இறைவனை நம்பினவனல்லன். தன் சோம்பலுக்கு இறைவன் பெயரை இட்டவன். பாயைச் சுருக்குதலும், கதவை அடைத்தலும், கயிற்றைப் பிடித்தலும் அருளுக்கு மாறானவையல்ல. கண் காண்பது கதிரவன் ஒளியாலே. ஆயினும், கண்ணை மூடினவனுக்காகக் கதிரவன் காண்பதில்லை. அம்மூதாட்டியின் தம்பி விடியுமளவும் கயிற்றைப் பிடித்திருந்தானே, அப்பிடியே அவன் செய்த பணி.

இங்கே ஓர் ஐயம் நிகழும். “பிராரத்தம் என்பதொன்று உண்டென்று கூறினீர். அங்ஙனமாயின் அத்தம்பி கடலில் வீழ்ந்ததும் அவனுடைய பிராரத்தமே. ‘அவரவர் வினை’ என நீர் அன்று கூறியதிற் பிழை யாது?” எனின், கூறுதும்.

வினை சடப்பொருள். அது தானே வந்து ஓருயிரைப் பற்றாது. உயிரோ தனக்குரிய பயன் யாதென அறிந்து தானே எடுத்துக்கொள்ளும் ஆற்றலுடையதன்று. ஆகலின், இன்ன உயிர்க்கு இன்ன பயனை இன்ன காலத்தில் என வகுத்துக் கூட்டுவிப்பவன் முற்றறிவுடைய இறைவன் ஒருவனே என்பது நம் கொள்கை. சமணரோடும் மீமாஞ்சகரோடும் நம் ஆசிரியர் வாதிட்டு நிறுவிய பொருளும் இதுவே. அங்ஙனமாக, ‘இத்துன்பம் இவனுடைய தீவினையின் பயன்’ என ஒருவனைச் சுட்டித் தீர்ப்புக் கூறுபவன், இறைவன் ஒருவனுக்கே உரிய இருக்கையில் தான் ஏறி அமர்கின்றான். அவனுக்கு அக்கணக்குத் தெரியாது. தெரியாத கணக்கைத் தெரிந்ததாகக் கூறுதல் பொய். துன்புற்றார் முன் கூறுதல் கொடுமையும் ஆம்.

இதனை உலகியலில் வைத்துக் காண்க. 1964ஆம் ஆண்டு திசம்பர் 22ஆம் நாள் நள்ளிரவில் எழுந்த புயலலை தனுக்கோடியை அழித்தது. அவ்வூரை நோக்கி வந்த தொடர்வண்டியையும் பயணிகளோடு வாரிக்கொண்டது. கடலிற் சென்றாரும் அல்லர் அவர். நிலத்தின்மேல் இருப்புப்பாதையில் அமர்ந்து வந்தவர். 2017ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் குமரிக் கரையினின்று மீன்பிடிக்கச் சென்றோர் பலர் மீளவில்லை. அவ்வண்டியில் இருந்த குழந்தையும் கிழவனும், அப்படகுகளில் இருந்த தந்தையும் மகனும் ஒரே அளவான தீவினை உடையவர் எனக் கணக்கிடத் துணிபவர் யார்? அன்று வீட்டில் உறங்கி உயிரோடிருந்த நாம் எல்லாம் நல்வினையாளர் எனக் கூறத் துணிவோமா? கூறின், நம் நெஞ்சே நம்மை நோக்கி நகும்.

இன்னும் ஒன்று. இறைவன் வினைப்பயனை ஊட்டுவது பழிவாங்குதற்கன்று. மலநோய் தீர்த்தற்கே என்பது சித்தாந்தம். மருத்துவன் அறுத்தும் சுட்டும் நோய் தீர்ப்பது போல, அவன் செய்யும் மறமும் அருளே என்பர். மருத்துவச்சாலையிற் கிடக்கும் ஒருவனைக் காணச் செல்பவன் அவன் கையைப் பற்றுவானா, ‘நீ முன்பு தின்றதன் பயன்’ எனச் சொல்லித் திரும்புவானா? தாய் மருந்தூட்டும் குழந்தையைப் பார்த்து அண்டை வீட்டான் ஏளனம் செய்தால் அத்தாய் பொறுப்பாளா? ஆகவே, துன்பம் வினைப்பயனே எனக் கொள்ளினும், துன்புறுவோன் இறைவனால் கைவிடப்பட்டவன் அல்லன். அவன் கையிலேயே கிடப்பவன். அத்தகையவன் முன் நாம் தாழ்ந்து நிற்றல் வேண்டுமேயன்றி, உயர்ந்து நின்று விளக்கம் கூறுதல் தகாது.

நம் அடியார் வரலாறுகள் இதனை வலியுறுத்தும். கல்லிற் பிணித்துக் கடலில் இடப்பெற்ற திருநாவுக்கரசர், அக்கல்லே தெப்பமாகத் திருப்பாதிரிப்புலியூர்க் கரையில் ஏறினார் என்பது நாம் அனைவரும் அறிந்தது. அவர் கரையேறியதையே பெரிதாகப் பேசுகின்றோம். யான் சிந்திப்பது வேறு. கரை கண்ணுக்குத் தெரியாமுன், தாம் பிழைப்போமா என்பது தெரியாமுன், நடுக்கடலிலே அவர் நமச்சிவாயத் திருப்பதிகம் அருளினார் அல்லரோ? அருள் அவருக்குக் கரையிற் கிடைத்ததெனின், பதிகம் கரையில் அன்றோ பிறந்திருத்தல் வேண்டும்? அது பிறந்தது நீரில். ஆகலின், அருளாவது கரை சேர்த்தல் ஒன்றே எனக் கொள்ளுதல் பொருந்தாது. கரை சேராதான் பக்கத்தும் அவ்வருள் இருந்ததில்லை எனச் சாதிக்க நமக்கு இடமில்லை.

நாகையில் வாழ்ந்த பரதவர் தலைவராகிய அதிபத்த நாயனாரையும் நினைக்க. நாடோறும் வலையிற் படும் மீன்களுள் முதன்மையான ஒன்றைச் சிவபெருமானுக்கெனக் கடலில் விடுதல் அவர் கொண்ட நெறி. மீன்வளம் குன்றி நாளொன்றுக்கு ஒரே மீன் கிடைத்த காலத்தும் அதனையும் விட்டுவிட்டு வறுங்கையோடு மீண்டார். சுற்றத்தாரும் பசியால் வாடினர். அந்நாட்களில் அப்பட்டினத்தார் அவரை என்ன கூறியிருப்பர்? ‘வினைப்பயன், வலை வற்றிவிட்டது’ எனச் சிலரேனும் கூறியிருத்தல் கூடும். பொன்மீன் வந்த நாளிலும் அதனை விட்டாராதலின் நாயன்மாருள் ஒருவராக இன்று வணங்குகின்றோம். பொன்மீன் வருமுன் அவரைக் கண்டிருந்தால் நாம் என்ன சொல்லியிருப்போம் என்பதே நம்மை நாம் கேட்டுக்கொள்ளவேண்டிய வினா. புறத்தே காணும் இன்பதுன்பங்களை அளவுகோலாகக் கொண்டு ஒருவர்பால் அருள் உண்டு, இல்லை எனக் கூறுதல் எத்துணைப் பேதைமை என்பது இதனால் விளங்கும்.

அற்றேல், பிறர் துன்பத்தின் முன் நாம் செய்யத்தக்கது யாது? இதற்கு விடையை யான் முன்கூறிய கடற்புயலிலேயே கண்டேன்.

அபிலாஷ் டோமியைத் தாக்கிய அதே புயலில், அதே போட்டியில் வந்த கிரெகர் மெக்ககின் என்னும் அயர்லாந்து மாலுமியின் படகும் கவிழ்ந்து நிமிர்ந்து பாய்மரங்களை இழந்தது. அவர் உடலுக்குப் பெருங்கேடு நேரவில்லை. தம் படகே முடமாகியிருக்க, தமக்கே துணை தேவையாயிருக்க, அவர் செய்தது யாது? கிடைத்த கழிகளையும் கயிறுகளையும் கொண்டு ஒரு தற்காலப் பாய்மரம் நிறுத்தி, முதுகெலும்பு முறிந்து கிடந்த தம் போட்டியாளரை நோக்கிப் படகைத் திருப்பினார். மீட்புக் கப்பல் முந்திவந்து அபிலாஷ் டோமியை ஏற்றிக்கொண்டது. அன்றே அவரையும் ஏற்றிக்கொண்டது. அவர் சென்று சேர்ந்திருந்தாலும் எவ்வளவு உதவியிருப்பாரோ அறியோம். ஆனால், அவர் படகின் முகம் எத்திசை நோக்கி இருந்தது என்பது நமக்குத் தெரியும்.

அதே போட்டி 2022ஆம் ஆண்டு மீண்டும் நிகழ்ந்தது. அவ்வாண்டு நவம்பர்த் திங்களில், தென் இந்தியப் பெருங்கடலில், தபியோ லெஹ்தினன் என்னும் பின்லாந்து மாலுமியின் படகு சில நிமிடங்களுக்குள் மூழ்கிவிட்டது. அவர் உயிர்காப்புத் தெப்பமொன்றிற் கிடந்தார். கிர்ஸ்டன் நாய்ஷாஃபர் என்னும் தென்னாப்பிரிக்க நங்கையார் தம் போட்டியை நிறுத்தி இரவெல்லாம் படகைச் செலுத்திச் சென்று அவரை ஏற்றி, வணிகக் கப்பலொன்றிற் சேர்ப்பித்துவிட்டுத் தம் வழியே சென்றார். அவர் 2023ஆம் ஆண்டு ஏப்ரலில் முதலாவதாகக் கரை சேர்ந்தார். இரண்டாவதாகச் சேர்ந்தவர் யார் எனின், முதுகெலும்பு முறிந்து, மீண்டும் நடை பயின்று, மறுபடியும் கடலில் இறங்கிய அபிலாஷ் டோமியே.

இவர்கள் எல்லாரும் நம் சமயத்தவர் அல்லர். வினைக் கொள்கையை ஆராய்ந்தவரும் அல்லர். ஆயினும், கடலின் நடுவே ஒருவன் வீழ்ந்தான் எனக் கேட்டவிடத்து, ‘ஏன் வீழ்ந்தான்?’ என அவர்கள் கேட்கவில்லை, ‘எங்கே?’ என்றே கேட்டார்கள். இவ்விரு வினாக்களுக்கும் இடையேயுள்ள தொலைவே யான் அன்று செய்த பிழையின் அளவு. அம்மூதாட்டியின் வினாவில் ‘ஏன்’ என்னும் சொல் இருந்தது மெய். அதற்கு விடை கூறினேன். அவர் எங்கே நிற்கின்றார் என்பதை யான் கேட்கவே இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அவர் அந்த மணல் திட்டிலேயே நின்றுகொண்டிருந்தார்.

ஆகவே, யான் தெளிந்தது இது. வினைக் கொள்கை படகின் சுக்கான் போன்றது. சுக்கான் தன் படகைத் திருப்புதற்கு உரியது. அடுத்த படகைத் திருப்ப அது உதவாது. எனக்கு ஒரு துன்பம் வருங்கால், ‘இது என் வினை, இறைவன் என் நோய் தீர்க்க ஊட்டும் மருந்து’ என யான் எண்ணுவேனாயின், அவ்வெண்ணம் என் சினத்தைத் தணிக்கும், பிறர்மேற் பழி போடாது தடுக்கும், செய்யவேண்டுவதைச் செய்ய உரன் தரும். அதே எண்ணத்தைப் பிறர் துன்பத்தின்மேல் ஏற்றுவேனாயின், அது என் நெஞ்சைக் கல்லாக்கும், என் கையை முடக்கும். என் துன்பம் எனக்குப் பிராரத்தம். பிறர் துன்பமோ எனக்கு இறைபணி. அவர்க்குத் துன்பம் வகுத்த இறைவன், அதனைக் காணும் இடத்தில் என்னையும் கொண்டுவந்து நிறுத்தினான். அங்கே யான் சுக்கானை எப்பக்கம் திருப்புகின்றேன் என்பதே எனக்கு ஏறும் ஆகாமியம். அன்று அடியண்ணாமலைத் திண்ணையில் யான் ஏற்றிக்கொண்டது சிறு பாரமன்று.

“அங்ஙனமாயின், அம்மூதாட்டியின் வினாவிற்குச் சித்தாந்தத்தில் விடையே இல்லையோ?” எனின், உண்டு, ஆனால் அது நாம் கூறும் விடையன்று. அடிமுடி தேடிய வரலாறு இத்தலத்திற்கே உரியது. திருமாலும் நான்முகனும் ஆழமும் உயரமும் அளந்து காணப் புகுந்தனர், காணவில்லை. முயன்றது குற்றமன்று, ‘யான் அளந்து அறிவேன்’ என்னும் முனைப்பே குற்றம். ஓருயிர்க்கு வந்த துன்பத்தின் அடியும் முடியும் அத்தகையனவே. அதனை அளந்து கூறப் புகுவார் பன்றியாய்த் தோண்டலாம், அன்னமாய்ப் பறக்கலாம், அந்தம் காணார். அளவை விடுத்து வணங்குவார்க்கு அது மலையாய் அருகில் நிற்கும். வலம்வரத் தக்க அண்மையில் நிற்கும்.

அடுத்த பௌர்ணமியன்று யான் அம்முகாமைத் தேடிச் சென்றேன். உசாவி அறிந்து அவர் வீட்டு வாயிலில் நின்று, “அம்மா, தீபத்தன்று நான் சொன்ன சொல் தவறு. எனக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்லிவிட்டேன். பொறுத்தருள வேண்டும்” என்றேன். அவர் என்னை இன்னார் என உணரச் சற்று நேரமாயிற்று. உணர்ந்தபின் மணை ஒன்று எடுத்திட்டு, தேநீர் கொணர்ந்து வைத்தார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், “ஐயா, அவன் உடல் கிடைக்கவில்லை. கிடைக்காதபடியால் நாங்கள் அவனுக்கு ஒன்றுமே செய்யவில்லை. செய்தால் அவன் இறந்துவிட்டான் என்றாகிவிடுமே என்று அம்மா அழுதாள், அவளும் போய்விட்டாள். இனி அவனுக்குக் கோயிலில் ஒரு மோட்ச தீபம் ஏற்றலாமா?” என்றார்.

“ஏற்றலாம், அம்மா” என்றேன். அதற்கு மேல் விளக்கம் யாதும் கூறவில்லை.

அன்று மாலை இருவரும் திருக்கோயிலுக்குச் சென்றோம். விளக்கை அவரே ஏற்றினார். காற்று வீசிற்று; சுடர் சாய்ந்தது. அவர் தம் இரு கைகளையும் குவித்து அதனைச் சூழ வைத்துக்கொண்டார். சுடர் நிமிர்ந்து நின்று எரியுமளவும் கையை எடுக்கவில்லை. கயிற்றை விடாது பிடித்திருந்த தம்பியின் கை எத்தகையது என்பதை யான் அப்போது அறிந்தேன்.

அண்ணாமலையான் திருவடி வாழ்க.